கொல்லைக்கு வந்த வெள்ளை அம்புகள்

என் அருமை மச்சான் சின்னையாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் நண்பனாக இருந்து, பிறகு என் மனைவிக்கு அண்ணன் என்பதால் மச்சானாகவும் ஆகிப்போன உனக்கு, நீ இல்லாத முதல் மாசியில் எழுதுகிறேன். நலமா என்று கேட்க வழியில்லை. இங்கே நலம் கொஞ்சம் குறைவு.

அன்னவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடலை விளையும் புன்செய்க் கொல்லைகளின் வரப்புகளில் நாம் இருவரும் நடந்தோமே, அந்த வழிக்கு இப்போது 'பாரம்பரிய நடைப்பயணம்' என்று பெயர். திருச்சியிலிருந்தெல்லாம் வருகிறார்கள். எல்லோரிடமும் தொப்பி இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இருக்கிறது. வரப்பு எது, பயிர் எது என்று மட்டும் தெரிவதில்லை. கடலைச் செடியை மிதித்துக்கொண்டே முன்னோருக்கு மரியாதை செலுத்துகிறார்கள்.

அவர்கள் வழி தவறக்கூடாது என்று நான் இருக்கும் தொன்மைப் பாதுகாப்புக் குழு போன மாதம் ஒரு நல்ல காரியம் செய்தது. பழைய புதைகுழிகளைச் சுற்றிக் கல்வட்டம் நட்டிருக்கும் கொல்லைகளில், பக்கத்துப் பாறைமேல் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டோம். தொன்மையான கற்களைத் தொடவே இல்லை என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு டீ குடித்தோம்.

நம் பக்கத்தில் ஒருவர் நிலத்தில் வெள்ளைக் குறி விழுந்தால் என்ன அர்த்தம்? நிலத்தை எடுக்கப்போகிறார்கள் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தாசில்தாரே ஒருவர் இருக்கிறார். அவருக்கும் தோன்றவில்லை.

உன் கொல்லைக்கு வடக்கே இருக்கும் வீரப்பன் முந்திக்கொண்டார். கல் இருந்தால்தானே நிலத்தை எடுப்பார்கள்? ஜேசிபி வந்தது, அரை நாளில் வேலை முடிந்தது. பழைய பானை ஓடுகள் வாய்க்காலில் கிடக்கின்றன. அம்புக்குறி மட்டும் பத்திரமாக இருக்கிறது. வெறும் மண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அதே வண்டியைத்தான் உன் மனைவி செல்லமும் பேசி வைத்திருக்கிறாள். உன் கொல்லையில் இருக்கும் கல்வட்டத்துக்கு. நேற்றுப் போய்ப் பார்த்தேன்.

"வாங்கண்ணே. தொப்பிக்காரவுக யாரும் கூட வரலியா?"

"தங்கச்சி, அது சும்மா வழி காட்டுற அம்பு. நெலத்த யாரும் எடுக்க மாட்டாங்க."

"கல்லு இருக்குன்னு போர்டு நட்டுட்டா அப்புறம் நான் போர் போட முடியுமா? ஒரு ரூம் கட்ட முடியுமா? கெணறு வத்திக் கெடக்கு. இந்தக் கொல்லைய விட்டா எனக்கு வேற என்னண்ணே இருக்கு?"

நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.

"முடியும்னு எழுதிக் குடுங்க. இப்பவே போனப் போட்டு வண்டி வேணாம்னு சொல்லிர்றேன்."

கல்வட்டங்களைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன் நான். அவள் கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது. பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.

"ஒங்க மச்சான் அந்தக் கல்லுல ஏர் படாமப் பாத்துக்கிட்டாரு. எனக்குத் தெரியாதா? நான் என்ன ஆசப்பட்டா பண்றேன்?" என்று சொல்லிவிட்டு, ஆட்டை அங்கிட்டு ஓட்டப் போய்விட்டாள்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கல்லைக் கைவிடு என்றா, அவளைக் கைவிடு என்றா?

குழுவில் மனு தயார். 'தொன்மையை அழிக்க முயலும் நில உரிமையாளர் மீது நடவடிக்கை' கோரி, பிழையில்லாத தமிழில். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டுமாம். உறவுக்காரனே போட்டால் எடை கூடுமாம்.

வண்டி வெள்ளிக்கிழமை வருகிறது. அதற்குள் தொல்லியல் அலுவலகத்துக்குப் போய், யார் கொல்லை என்று சொல்லாமல், போர் போடலாமா என்று கேட்பேன். கூடாது என்றாலும் அவளிடம் மறைக்க மாட்டேன். அதன் பிறகும் அவள் வண்டியை உள்ளே விட்டால், தடுக்க மாட்டேன்; நின்று பார்ப்பேன். அந்தக் கற்களை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். ஆனாலும் செல்லத்துக்கு எதிரான தாளில் என் கையெழுத்து விழாது. இது உனக்கு நான் தரும் வாக்கு. நீ கோபித்துக்கொண்டாலும் மாற்றமில்லை.

உன் தங்கை புருஷன்,
செல்லத்துக்கு அண்ணன்,
முத்துக்குமார்