பிரேக் அமுக்க ஓர் ஆள்

மாசி 8, செவ்வாய்

காலையிலேயே வெயில். அப்பாவின் சின்னக் காருக்கு இன்ஜின் வந்துவிட்டது. சேலம் காயலான் கடை, அடிபட்ட வேறொரு காரிலிருந்து கழற்றியது. நாலு சிலிண்டர். பழையது மூன்றுதான், அதுவும் ஜாம் ஆகி ஒரு வருஷமாகப் புளியமரத்தடியில் கிடக்கிறது வண்டி.

தரகர் போன். ஞாயிறு வாழப்பாடியில் பொண்ணு பார்க்க. எனக்கு நாற்பத்தொரு வயசு, இது எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டாச்சு. "இந்தத் தடவ ஒத்தையில போகாதீங்க தம்பி. நாதியத்தவன்னு நெனச்சுக்குவாங்க. அண்ணனக் கூட்டிட்டுப் போங்க."

சரி என்றேன். பெரியவனோடு பேச்சு நின்று இரண்டு தீபாவளி ஆகிறது. பொதுக்கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்ற தகராறு. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

மதியம் தயிர்சாதம், ஊறுகாய்.

மாசி 10, வியாழன்

புளியங்கிளையில் செயின் பிளாக் கட்டி இன்ஜினை இறக்கினேன். அகலம் அதிகம், பிரேக் சிலிண்டரில் இடித்தது. அதைக் கழற்றி, தள்ளி மாட்டினேன்.

சாயங்காலம் ஸ்டார்ட் ஆனது. முதல் சாவியிலேயே. பழையதைவிடக் கனமான சத்தம். கேட்க ஆளில்லை. பெரியவனும் சந்தைக்குப் போயிருந்தான்.

வாங்க வேண்டியது: பிரேக் ஆயில், வெள்ளை வேட்டி, பிளேடு.

மாசி 12, சனி

கழற்றி மாட்டியதில் பிரேக் பைப்பில் காற்று புகுந்து ஏர் பிடித்துவிட்டது. மிதித்தால் பெடல் அடிவரை போகிறது. ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே மிதித்துப் பிடிக்க, ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் தளர்த்த.

போர்வெல் போடும் ரிக் வண்டியில் மெக்கானிக்காக இருந்தபோது குரல் கொடுத்தால் நாலு பேர் வருவார்கள். இங்கே பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் கட்டையை முட்டுக் கொடுத்தேன். நழுவியது. மறுபடியும். நழுவியது. ஒரு பெடல் மிதிக்க ஆளில்லாத பிழைப்பு. மண்ணில் உட்கார்ந்து அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

நிமிர்ந்தால் பெரியவன். எப்போது வந்தான் தெரியவில்லை. கட்டையை எடுத்து வெளியே போட்டான். சீட்டில் உட்கார்ந்தான்.

"அமுக்குங்க" என்றேன் சக்கரத்தடியிலிருந்து. அண்ணா என்று கூப்பிட நாக்கு எழவில்லை.

"அமுக்கிட்டேன்."

"உடுங்க."

"உட்டுட்டேன்."

நாலு சக்கரத்துக்கும் இதே பேச்சுதான். முகம் பார்க்கவில்லை. முடிந்ததும் என் குழாயில் கால் கழுவிக்கொண்டு போய்விட்டான். காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்கவில்லை நான். நாளைக்கு வாழப்பாடிக்கு வாங்க என்றும் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. மடையன் நான்.

மாசி 13, ஞாயிறு

விடிந்ததும் எட்டிப் பார்த்தேன். அவன் தூரத்து வயற்காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். நல்ல சாக்கு. தனியாகவே கிளம்பினேன்.

வாழப்பாடி. கேசரி, பஜ்ஜி. பெண் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நல்ல முகம்.

அவள் அப்பா கேட்டார்: "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லைங்களா?"

"ஒரு அண்ணன் இருக்காருங்க."

"ஏன் வரல?"

காய்ச்சல் என்று பொய் தயாராக வைத்திருந்தேன். "நான் கூப்பிடலீங்க" என்று வந்துவிட்டது.

கேசரித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "கூட்டிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

பொழுது சாயும் நேரம் ஊர். என் வாசலைத் தாண்டி அவன் வாசலில் பிரேக் அடித்தேன். நன்றாகப் பிடித்தது. இன்ஜினை அணைக்கவில்லை. பழைய இன்ஜின் சத்தமென்றால் நான்தான் என்று தெரிந்திருக்கும், நான் வாய் திறக்க வேண்டியிருக்காது. இது அவன் கேட்டறியாத சத்தம்.

"யாருங்க அது?" உள்ளேயிருந்து அவன் குரல்.

"நாந்தானுங்ணா."