காற்றுக்கு ஏற்ற டீசல்

2025 ஜனவரி 7, செவ்வாய்

அசனார் இன்றும் வந்தான். அவனுடைய அரிசி லொறி எங்கள் வளவில் நிற்கத் தொடங்கி இரண்டு மாதமாகப் போகிறது. அதன் டீசல் பம்பைக் கழற்றி மேசையில் வைத்த அன்றுதான் இவர், என் கணவர், பக்கவாதம் வந்து விழுந்தார். பம்ப் திருத்தும் அறைத் தரையில், கையில் ஸ்பானர் சாவியோடு. அன்றைக்குப் பூட்டிய அறையை நான் இன்னும் திறக்கவில்லை. லொறியின் அடியில் புல் முளைத்துவிட்டது.

வாழைச்சேனையில் வேறொரு மெக்கானிக் பாஸிடம் காட்டலாமா என்று கேட்டான். கேட்கவே கூச்சப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? யார் வந்து செய்யப்போகிறார்கள்?

ஜனவரி 8

இவருக்கு எல்லாம் விளங்குகிறது என்று டொக்டர் சொல்கிறார். வலக்கையும் வலக்காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. காது மட்டும் முன்போலவே இருக்கிறது. அதுதான் கொடுமை என்று நினைக்கிறேன். வீதியில் ஒரு லொறி கியர் மாற்றினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். நான் பேசினாலும் அப்படியே. அவருடைய பிடரியோடுதான் இப்போது குடும்பம் நடத்துகிறேன்.

மகள் நஸ்ஹா தோஹாவிலிருந்து போன் எடுத்தாள். வாப்பா எப்படி என்று கேட்டாள். நல்லா இரிக்காரு என்றேன். உம்மா எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 9

அறையைத் திறந்தேன். அவருடைய ஒற்றைச் செருப்பு மேசைக்கடியில் கிடந்தது. அதை எடுத்து வெளியே வைத்தேன்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த அறையில் அவரோடு நின்றவள் நான். மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவேன், லைட் பிடிப்பேன், கேட்ட சாவியை எடுத்துக் கொடுப்பேன். அவர் வேலை செய்துகொண்டே பேசுவார். எனக்குச் சொல்கிறாரா, தனக்குச் சொல்கிறாரா என்று தெரியாது. “டேர்போ எண்டா எஞ்சினுக்குள்ள காத்தை அள்ளித் திணிக்கிற சாமான் முப்லிஹா. காத்துக் கூடினா டீசலும் கூடணும். டீசல் மட்டும் கூடினாக் கரும்புகை. காத்து மட்டும் கூடினா இழுவையில்ல.”

வீட்டுக்குள் சோறும் கறியும் பற்றித்தான் பேசினோம். மற்றப் பேச்செல்லாம் இங்கேதான் நடந்தது. அது இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஜனவரி 12, ஞாயிறு

பம்பைத் திரும்ப லொறியில் பூட்டி அதை ஸ்டார்ட் செய்துவிட்டேன்! அசனார் வாயைப் பிளந்தான். வரும்போது கக்கிக்கொண்டு வந்த கரும்புகை இப்போது இல்லை. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று எவனோ டீசல் ஸ்க்ரூவை அளவுக்கு மேல் திறந்து வைத்திருந்தான். அதை இவர் குறைப்பதைக் கண்டிருக்கிறேன். அவர் விட்ட இடத்திலேயே விட்டுப் பூட்டினேன்.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணை மூடியிருந்தார். தூக்கமில்லை, எனக்குத் தெரியும்.

ஜனவரி 15

அசனார் மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு மலைப்பாதையிலிருந்து போன் எடுத்தான். அரிசி மூட்டை நிறைய ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போனவன். “ராத்தா, நடு வளைவுல லொறி நிண்டு போச்சு. பின்னுக்கு வழுகப் பார்த்திச்சு, கிளீனர் பொடியன் டயருக்குக் கல்லுப் போட்டுத்தான் தப்பினம்.” பாதி மூட்டையை வேறு லொறிக்கு மாற்றுகிறானாம். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

ஏசியிருக்கலாம். அந்தப் பொடியன்ட உசிருக்கு என்னவும் ஆகியிருந்தா? எனக்கென்னத்துக்கு இந்த வேலை? ஆர் கேட்டது என்னை?

ஜனவரி 16

ஊருக்குள் கதை பரவிவிட்டது. இவரைக் காக்கா என்று கூப்பிடும் தம்பி றிஸ்லான் வந்தான். மாசம் முடிய பம்ப் அறையை ஒழித்துத் தரச் சொல்கிறான். போன் கடை போட ஒருவர் கேட்கிறாராம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இவருக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னான்: “காக்காட பேரைக் கெடுக்காதீங்க மச்சி. பொம்புளைக்கு ஏலுற வேலையா இது?”

நான் இவரைப் பார்த்தேன். ஒரு கண்ணசைவு வரும் என்று பார்த்தேன். சுவர்.

ஜனவரி 17, வெள்ளி

அழுது முடிந்தபின் யோசித்தேன். புகை இல்லை. ஆகவே டீசல் அதிகமில்லை. டேர்போ நன்றாகச் சுற்றுகிறது என்று அசனார் சொல்கிறான். ஆகவே காற்று இருக்கிறது. காற்றுக் கூடும்போது டீசல் கூடவில்லை. காற்றுக் கூடிய சங்கதி பம்புக்குப் போய்ச் சேரவில்லை.

பம்பின் தலையில் ஒரு சிறிய கிண்ணம் உண்டு. அதற்குள் ஒரு ரப்பர்த் தட்டு, தட்டில் ஒரு கம்பி. டேர்போவிலிருந்து ஒரு மெல்லிய குழாயில் காற்று வந்து தட்டைத் தள்ளும். தட்டுக் கம்பியைத் தள்ளும், டீசல் கூடும். லொறி திரும்பி வந்ததும் அந்தக் குழாயை வாயில் வைத்து ஊதினேன். என் மூச்சு எங்கும் தட்டவில்லை, நேரே போய்விட்டது. கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பரில் நகம் நீளத்துக்குக் கிழிசல்.

இவர் அந்தக் கிண்ணத்தைத் திறக்கும் முன்னமே விழுந்துவிட்டார். நான் அவர் விட்ட இடத்தில் விட்டேன். அவர் இன்னும் முடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஜனவரி 19

ரப்பர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிறது. மழை. ஆறு நிறைந்து பாலத்துக்குக் கீழே கலங்கலாக ஓடுகிறது.

ஜனவரி 20, திங்கள்

புது ரப்பரைப் போட்டேன். கிண்ணத்தை மேசையில் வைத்து, ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு ஊதினேன். கம்பி முன்னே வந்தது. மூச்சை விட்டதும் பின்னே போனது. திரும்பத் திரும்ப ஊதினேன். சரிதான். வேலை முடிந்தது. சொல்ல ஒருவருமில்லை.

கிண்ணத்தைக் குழாயோடு தட்டத்தில் வைத்து உள்ளே கொண்டு போனேன். ஏன் கொண்டு போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. கட்டிலில் அவருடைய நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். “ரப்பர் கிழிஞ்சிரிந்திச்சு. மாத்திட்டன்.” அவ்வளவுதான் சொன்னேன்.

பிறகு அவருடைய இடக்கை வந்தது. தட்டத்தைத் தடவிக் குழாயை எடுத்தது. வாயில் வைத்தார். ஊதினார். வாயின் கோணிய பக்கத்தால் காற்று உஸ்ஸென்று போய்விட்டது. எச்சில் கன்னத்தில் வழிந்தது. நான் துடைக்க எழும்பினேன், கையால் தள்ளிவிட்டார். ஓய்ந்து கிடந்தார். பிறகு இடக்கை விரல்களால் அந்தச் செத்த உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினார்.

கம்பி நகர்ந்தது. கொஞ்சம்தான், அரிசியளவு.

அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விழுந்த பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 22

அசனாரோடு லொறியில் ஏறிப் பாலத்துக்கும் கல்குடாச் சந்திக்கும் இடையே ஓடிப் பார்த்தோம். பாதி மூட்டை ஏற்றியிருந்தான். கிளம்பும்போது கரும்புகை கண்டால் நிறுத்தி ஸ்க்ரூவைக் கொஞ்சம் குறைப்பேன். இழுவை தளர்ந்தால் கொஞ்சம் கூட்டுவேன். வழியில் நின்ற ஆம்பிளைகள் பார்த்தார்கள். பார்க்கட்டும். கடைசியில் புகை ஒரு மூச்சளவு வந்து மறைந்தது, லொறி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனது.

ஜனவரி 24

அசனார் மறுபடி பதினெட்டு வளைவுக்குப் போயிருந்தான்; காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எடுத்தான். “ஏறிட்டம் ராத்தா. முழு லோட். எங்கயும் நிக்கல்ல.” அல்ஹம்துலில்லாஹ்.

கட்டிலுக்குப் போய்ச் சொன்னேன். கண்ணைத் திறந்திருந்தார். திரும்பவில்லை. சுவர்ப்பக்கமும் திரும்பவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

இவரைக் காலையில் கதிரையில் இருத்தி முற்றத்து நிழலில் விட்டேன். றிஸ்லான் ஒரு ஆளோடு வந்தான், போன் கடைக்காரர். அறையின் அகலத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் குசினி வாசலில் நின்றேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது வீதியில் ஒரு லொறி நின்றது. பனிச்சங்கேணிக் கூட்டுறவு லொறியாம். டிறைவர் தமிழ் ஆள், முன்பு கண்டதில்லை. இறங்கி வந்து இவரிடம்தான் கேட்டார்: “பாறூக் பாஸ் நீங்கதானே? பம்ப் ஒண்டு பார்க்கணும், ஏத்தத்துல இழுக்குதில்ல.”

“காக்காக்கு ஏலா. இது மூடியாச்சு,” என்றான் றிஸ்லான்.

இவர் இடக்கையைத் தூக்கினார். தூக்கவே நேரம் பிடித்தது. டிறைவரைத் தாண்டி, தம்பியைத் தாண்டி, என்னைக் காட்டினார். அந்த ஆள் திரும்பிப் பார்க்கும்வரை கையை இறக்கவில்லை.

போன் கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். றிஸ்லானும் அவர் பின்னால் போனான்.

டிறைவர் என்னைப் பார்த்துச் சற்றுத் தயங்கி, “வண்டியை உள்ளுக்கு எடுக்கவா அக்கா?” என்று கேட்டார்.

“எடுங்க,” என்றேன்.

பின்னேரம் வரை வேலை. இவருடைய கதிரையைப் பம்ப் அறை வாசலுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.