மூன்று தடவை விட்ட பிரேக்

எங்க அக்காவைக் கட்டிக்கொண்டு எனக்கு அண்ணனாகவே ஆகிப்போன மாமா,

மாட்டுப் பொங்கலன்று, காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். கடைசி ஐந்து நொடியில் பிரேக்கை மூன்று தடவை மிதித்து, மூன்று தடவை விட்டிருக்கிறீர்கள். காரின் பிளாக் பாக்ஸைப் படித்து இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிரேக்கில் கோளாறு எதுவும் இல்லை என்றும் இருக்கிறது.

அக்கா அதை நம்பவில்லை. இந்த எடிசன் ஊரில் துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறாள்: "பிரேக் போயிடுச்சு ஆன்ட்டி. ஒரு வாரமாவே கடகடங்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு."

என்னிடமும் சொன்னீர்கள். முதல் பனி விழுந்த அன்று போன் செய்தீர்கள்.

"மாப்ள, பிரேக்க அழுத்துனா பெடல் உதைக்குதுடா. உங்க அக்கா மாதிரியே."

"அது ஏபிஎஸ் மாமா, அப்படித்தான் இருக்கும். மீட்டிங்ல இருக்கேன்."

"சரிடா, அதுக்கு என்ன பண்ணணும்?"

"நெட்ல பாருங்க."

அவ்வளவுதான். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தவன் பேசிய பேச்சு.

சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க, ஏபிஎஸ் தானாகவே பிரேக்கை நொடிக்குப் பல தடவை பிடித்துப் பிடித்து விடுகிறது. அந்த நடுக்கம்தான் பெடலில் தெரிகிறது. பயந்துபோய்க் காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்திப் பிடித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். பனியில் வண்டி அதனால் சீக்கிரம் நின்றுவிடாது, சில சமயம் இன்னும் தள்ளிப் போய்த்தான் நிற்கும், அதனால் முன்வண்டிக்கு நிறைய இடம் விடுங்கள். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்குமா?

திருச்சியில் நீங்கள் ஓட்டப் பழகிய பழைய வண்டியில் ஏபிஎஸ் ஏது? வழுக்கினால் விட்டு விட்டு மிதி என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே செய்தீர்கள். முன்னால் குப்பை லாரி நின்றுகொண்டிருந்தது.

உங்கள் மேலும் கோபம் வருகிறது மாமா. ஒரு வாரம் இருந்ததே, நெட்டில் ஏன் பார்க்கவில்லை? ஏன் மறுபடி கூப்பிட்டு என்னைத் திட்டவில்லை?

நேற்று உங்கள் பாப்பாவை டேகேரில் விட அக்காதான் என் காரை ஓட்டினாள். நான் பக்கத்தில். சிக்னலுக்கு முன்னால் லேசாக வழுக்கிப் பெடல் நடுங்கியது. "இதுவும் போச்சுடா!" என்று அலறிக் காலை எடுத்துவிட்டாள். பின்சீட்டில் பாப்பா, "மம்மி, ஸ்டாப்!" வண்டி சிக்னலைத் தாண்டிப் போய்த்தான் நின்றது; குறுக்கே எந்த வண்டியும் வராததால்தான் இந்தக் கடிதத்தை எழுத நான் இருக்கிறேன்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், "இது தெரிஞ்சும் அவர்கிட்ட ஏன்டா சொல்லல?" என்று கேட்பாள்.

திங்கட்கிழமை மறுபடி பனியாம். அதற்குள்:

1. இன்று மதியம் அக்காவிடம் அந்த போன் விஷயத்தைச் சொல்லிவிடுவேன், ஒரு வார்த்தை குறைக்காமல்.
2. அறைந்தால் வாங்கிக்கொள்வேன். வெளியே போடா என்றால் வாசலில் நிற்பேன். அவளை விட்டுவிட்டு என் ஊருக்குத் திரும்பிப் போக மாட்டேன்.
3. கோயில் பார்க்கிங்கில் பனி வழிக்காத மூலை ஒன்று இருக்கிறது. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே அவளை ஓட்டச் சொல்வேன். பெடல் என்ன நடுங்கினாலும் காலை எடுக்காமல் பத்து தடவை நிறுத்திக் காட்டட்டும். அதன் பிறகுதான் பாப்பா அந்தக் காரில் ஏறுவாள். சத்தியம்.

உங்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லாத மச்சினன்,
கார்த்தி