ஒரு பாவுக்கு எத்தனை சேலை

புனே, 12.8.2008

அப்பாவுக்கு வணக்கத்துடன் திலகவதி. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போனில் சொன்னால் அம்மா, “இன்னாத்துக்கு அங்க பேஜார் பட்டுகினு இருக்க, வந்துடு” என்பாள். அதனால்தான் கடிதம்.

ஆபீஸ் வேலையாக ஒரு பட்டுக்கடையின் சரக்குப் பட்டியலை, இன்டர்நெட்டில் ஓடும் பழைய சாப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாற்றினேன். சேலைக்கு அதை நெய்த பாவு நூலின் எண்ணையே அடையாளமாகப் போட்டிருந்தார்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்ததால், ஒரே சேலைதான் என்று மற்றதை அழித்துவிட்டேன். ஒரே பாவில் பல சேலை நெய்வதைப் பார்த்து வளர்ந்த நெசவாளி மகள் செய்கிற காரியமா இது? பழைய சாப்ட்வேரையும் மூடிவிட்டார்கள், அழித்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பாவுக்கு மூன்று சேலை என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்லி, அப்படியே மறுபடி ஏற்றுகிறேன். 22ஆம் தேதி கடையில் எண்ணிப் பார்ப்பார்கள்.

என் பச்சைப் போர்வையை அனுப்புங்கள். இங்கே ஓயாத மழை. மீட்டிங்கிற்குக் கூப்பிடுகிறார்கள்.

கடிதம் கண்டதும் போன் பண்ணுங்கள். நம் தறியில் மூன்றுதானே, அப்பா?

திலகா