அப்பா பக்கத்து பிரேக்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சியாக முனகிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் என் குட்டிம்மாவும் அங்கே அதே கிருபையில் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் விண்ணப்பம். போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். முந்தாநாள் போனில் நீ அழுதாய், நானும் சேர்ந்து அழுதேன், யார் யாருக்கு ஆறுதல் சொன்னோம் என்றே தெரியாமல் வைத்துவிட்டோம். நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. அதோடு இன்றைக்கு என் கைக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால் அது நேராகப் போய் போனை எடுத்துவிடும். உன் தங்கச்சி வாலு இன்று காலையில்தான் முதன்முறையாகத் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். வெளியே விடாத மழை. நான் ஓட்டும்போது போன் பண்ணி உயிரை வாங்காதீங்க, நான் எடுக்கவும் மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதனால் உனக்கு எழுதுகிறேன், எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவளுடைய வேலையைப் பற்றி உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தேன், காரணமாகத்தான். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, இதுதான் வேலை. நர்ஸ் படிப்பு முடித்ததிலிருந்து அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான், ஆஸ்பத்திரி வார்டில் நின்றால் யார் முகமும் மனதில் நிற்பதில்லை என்பாள். ஆனால் வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். கேட்டதும் நாங்கள் சிரித்தோம். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு லைசென்ஸ் ஒரு பிரச்சினையா, பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்று அப்பா மார்தட்டினார். இவ்வளவு நாளும் அவளுக்கு ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். வந்ததும் அவ கை நம்ம கைடீ என்று என்னிடம் பெருமை பீற்றிக்கொள்வார். தேர்வன்று நான் கேக் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

தேர்வு லைசென்ஸ் ஆபீஸ்காரர்களுடைய வண்டியில்தான். ரிவர்ஸ் எடுத்தாள், வளைவில் திருப்பினாள், கோட்டுக்குள் நிறுத்தினாள், எல்லாம் பிரமாதம். கடைசியில் நேராக வந்து நிறுத்தக் கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பையும் தள்ளிக்கொண்டு போய்த்தான் நின்றாள். தேர்வு அதிகாரி அப்பாவுக்குப் பழக்கமானவர், ஓரமாகக் கூப்பிட்டு, சார், உங்க பொண்ணு எல்லாம் நல்லாத்தான் ஓட்டுது, பிரேக்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியல என்றாராம். வீட்டுக்கு வந்து வாலு சோபாவில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், அம்மா, நான் காலை வச்சேம்மா, அதுவா இறங்கும்னு நினைச்சேன், எப்பவும் அப்படித்தானே இறங்கும் என்று. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நம் வண்டியில் அப்பா உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறதே, அவர் அதை மிதித்தால் ஓட்டுகிறவர் பக்கத்துப் பிரேக்கும் கூடவே இறங்குமே. இவள் காலை வைப்பதற்கு முன்பே மனுஷர் மிதித்திருக்கிறார், ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு நாளும். தான்தான் நிறுத்தினோம் என்று இந்தப் பைத்தியக்காரப் பெண் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் எங்கே மிதிச்சேன் என்று அப்பா ஒரே சாதிப்பு. பொய் சொல்லவில்லை, அவர் காலுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் போனாலும் தரையை மிதிக்கிற ஆள், பிரசங்கம் நீண்டுபோனால் சபையில் பெஞ்சுக்கு அடியிலும் மிதிப்பார், பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். வாலு கத்தவில்லை, அழவும் இல்லை. அப்பா, நீங்க என்னை ஓட்ட விடவே இல்ல, நான் ஓட்டறேன்னு நினைக்க மட்டும் விட்டீங்க என்றாள். வேறு ஸ்கூலில் போய்க் கற்றுக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டாள். மனுஷருக்கு முகம் செத்துப்போயிற்று. வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், மகள் தன்னை நம்பவில்லையே என்பது இன்னொரு பக்கம். வெளியே போய்ச் சுத்தமாக இருக்கிற வண்டியையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன். மத்தவங்க ஓட்டும்போது நான் ரோட்டைப் பாக்கறேன், இவ ஓட்டும்போது இவளைத்தான் பாக்கறேன், நான் என்ன பண்ணட்டும் என்று குழாயைப் பிடித்துக்கொண்டே சொன்னார். திட்டப் போனவள் தண்ணீரை மூடிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் அவருடைய முறை. அவர் ஜெபம் உனக்கு மனப்பாடமாயிற்றே, நீங்கள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து ஒரு வார்த்தை மாறாது, கர்த்தாவே, இந்தப் பிள்ளைகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன் என்று முடிப்பார். அன்று உம்முடைய கரத்தில் என்பதுவரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்க்கிறேன், மனுஷர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்பா, ஆமென் சொல்லுங்க, சாப்பாடு ஆறுது என்றாள் வாலு. ஆமென் மட்டும் சொன்னார். கேக்கை எடுத்து வைத்தேன், மூன்று பேரும் துக்க வீட்டில் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் அவராகவே ஸ்கூலின் இரண்டு வண்டிகளில் பழையதை மெக்கானிக் தம்பியிடம் கொண்டுபோய், என் பக்கத்து பிரேக் கேபிளைக் கழற்றிவிடு என்றிருக்கிறார். அவன் நம்பவில்லை. அண்ணே, பிரேக் பிடிக்கலன்னு வர்றவங்களைத்தான் பாத்திருக்கேன், பிடிக்கிற பிரேக்கைக் கழட்டச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான் என்றானாம். கழற்றின கேபிளைக் கொண்டுவந்து வாலு முன்னால் வைத்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். வேடிக்கை பார்க்க நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன், ஏறியது தப்பு. அவள் முதல்முறையாக நிஜமாகப் பிரேக் மிதித்தபோது என் நெற்றி முன்சீட்டில் போய் முட்டியது. அப்பா கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, கதவுக் கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போய், சத்தமாக ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார். அப்பா, மனசுக்குள்ள பண்ணுங்க, எனக்குக் கியர் மாத்தறது மறந்துபோகுது என்றாள். மைதானத்தில் பழகி முடித்துத் தெருவுக்கு வந்த அன்று நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார். வாலு அமைதியாக நிறுத்தினாள். அவர் போனதும், ஏன் நின்னுட்ட என்று கேட்கிறார் உன் அப்பா. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்ததில் நடந்தது எதுவுமே அவருக்குத் தெரியாது. நீங்க ஜெபம் பண்ணுங்கப்பா, நான் ஓட்டறேன் என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டான். இரண்டாம் தேர்வில் பாஸாகிவிட்டாள், மாதம் முடியவும் சரியாக இருந்தது. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், உனக்கு மட்டும் நேரில் சொல்கிற மாதிரி எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

உன் அப்பாவை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, என் கதை அதைவிட மோசம். என் ஜெபம் எப்படி என்று உனக்குத் தெரியாதா. எந்தத் தெருவில் கூட்டம், எந்த நேரத்தில் லாரி வரும், எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று ஆண்டவருக்கே வழி சொல்லிக்கொண்டிருந்தேன். போதகரம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அக்கா, நீங்க ஜெபிக்கறதைப் பாத்தா ஆண்டவரையும் உங்க ஸ்கூல்ல சேத்துட்டீங்க போல என்று காதில் சொன்னார், எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு கீறலும் விழக் கூடாது என்று ஜெபித்த மறுநாளே வாலு நம் கேட் தூணில் உரசி வண்டிக் கதவு நசுங்கியது. அதற்காக ஆண்டவர் அவளைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்ல முடியுமா. நான் கேட்டது கீறல் விழாத பிள்ளையை, அவரிடம் இருப்பது அவளுக்கான வழி, அது எப்படிப் போகும் என்று எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது வரைபடம் கொடுப்பதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். முழுக்க விட்டுவிட்டேன் என்று சொன்னால் நீயே சிரிப்பாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எங்களை எப்படிம்மா பயமில்லாம வளத்தீங்க என்று கேட்டாய். பயமில்லாமல் யாரடி வளர்த்தது. நீ ஊரை விட்டுப் போன அன்று விமான நிலையத்தில் சிரித்தது நடிப்பு, வீட்டுக்கு வந்து உன் தலையணை உறையைத் துவைக்காமல் ஒரு மாதம் வைத்திருந்தேன். குட்டிம்மாவைப் பள்ளியில் விட்டுவிட்டு மதியம்வரை வாசலில் காரில் உட்கார்ந்திருக்கிறாய், டீச்சர் வந்து வீட்டுக்குப் போகச் சொன்னார் என்று அழுதாய். உன் அப்பாவுக்குப் பிறந்தவள் வேறெப்படி இருப்பாய். நான் பாத்துக்கலன்னா யாரும்மா பாப்பாங்க என்றாய் பார், அதைக் கேட்டதும்தான் எனக்கும் அழுகை வந்தது, அந்தக் கேள்வியை நானும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். பிள்ளையை விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை கண்ணு. முகம் கழுவிவிடு, சாப்பாடு கட்டிக்கொடு, ஷூ சரியான காலில் இருக்கிறதா என்று பார், நெற்றியில் கை வைத்து ஜெபம் பண்ணு. அதற்குப் பிறகு அவள் அழுதுகொண்டே உள்ளே போகட்டும். நீ உட்கார முடியாத பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார ஒருவர் இருக்கிறார், அவர் உன்னைவிட அவளை நேசிக்கிறார். இது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இந்த நாலு வரி எழுதுவதற்குள் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மற்றபடி சொல்ல வேண்டியது, சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, அப்பா தானே சரிசெய்கிறேன் என்று போய் இரண்டு நாள் தண்ணீரே வராமல் செய்துவிட்டார். ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தையற்கடைக்காரர் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாராம், அப்பா வந்து நடித்துக் காட்டினார். மாப்பிள்ளை இருமல் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, வெறும் வயிற்றில் காபி குடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

மணி ஆறாகிவிட்டது, இருட்டிக்கொண்டு வருகிறது. அப்பா கடைசி வகுப்பை முடித்துவிட்டு நனைந்து வந்தார். வந்துட்டாளா என்று கேட்டார், இல்லை என்றேன். குடையை மூலையில் சாத்திவிட்டு அப்படியே உட்கார்ந்தார். அவளுடைய ஆபீஸில் கேட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை, இரண்டு பேருக்கும் நாக்கு நுனியில்தான் இருந்தது. வா, ஜெபம் பண்ணிடலாம் என்றார். அதே பழைய ஜெபம்தான். உம்முடைய கரத்தில் என்பதில் ஒரு நொடி நின்றார், பிறகு ஒப்புக்கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். நானும் ஆமென் சொன்னேன்.

அவள் வந்த பிறகு, வந்துவிட்டாள், ஸ்தோத்திரம் என்று கடைசி வரி எழுதி இதை முடிக்கலாம், நீயும் நிம்மதியாக இருப்பாய் என்றுதான் மதியம் உட்கார்ந்தபோது நினைத்தேன். இப்போது அப்படிச் செய்ய மனமில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றால்தான் ஸ்தோத்திரம் என்றால் நாங்கள் இவ்வளவு நேரம் ஜெபித்தது யாரிடம். தெருமுனைப் பெட்டியில் சாயங்காலத் தபால் எடுக்க ஆள் வருகிற நேரம், அப்பா குடையை விரித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் வீட்டைச் சமாதானத்தால் நிரப்புவாராக, என் குட்டிம்மாவின் தலைமேல் அவர் கை எப்போதும் இருப்பதாக. அவளுக்கு மழைக்கோட்டு ஒரு சைஸ் பெரிதாக வாங்கு, மறந்துவிடாதே. மழை விடவில்லை, அவள் இன்னும் வரவில்லை, ஸ்தோத்திரம், கடிதத்தை ஒட்டுகிறேன்.

என்றும் உன்னை நேசிக்கிற
அம்மா