இடப்பக்கம்

மே 4, ஞாயிறு

இன்று யூல்ஸ்மின்ட துறைமுகத்தில் பாசி பிடியாமல் இருக்கப் பாய்மரப் படகின் அடிக்குப் பெயின்ற் பூசினோம். இவர் பூசினார். நான் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபடி குளிரில் நின்றேன். படகில் பாதி எங்களுடையது, பாதி ஓவவுடையது. ஓவ இவரோடு தொழிற்சாலையில் வேலை செய்து பென்சன் எடுத்த டெனிஷ்காரர். பன்னிரண்டு வருசத்துக்கு முன் இவருக்குப் பாய் பிடிக்கப் பழக்கி, சனி ஞாயிறில் வீட்டில் நிற்காத மனுசனாக்கி விட்டவரும் அவர்தான்.

முடிந்ததும் சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சே இல்லை. "அந்த இடது கரையில விட்டிட்டீங்கள்" என்றேன். "எங்கை?" என்றார், நேரே பார்த்துக்கொண்டு. பிறகு, வெளிச்சம் காணாது, பெயின்றும் முடிஞ்சுது, கிடக்கட்டும் என்றார். இவர் எதையும் கிடக்கட்டும் என்று விடுகிற ஆள் இல்லை. சேட்டில் ஒரு பொத்தான் தளர்ந்தாலே நித்திரை வராது.

வீட்டுக்கு வந்து காரை உள்ளே விடும்போது இடப்பக்கக் கண்ணாடி தூணில் இடித்து மடிந்தது. ஈஸ்டருக்குப் பிறகு இது இரண்டாம் தரம்.

மே 6, செவ்வாய்

டோஸ்ட்ருப்பில் இருந்து கமலாதேவி அக்கா போன் எடுத்தா. அவவின் மகன் டிலுக்சனுக்கும் எங்கள் மகள் நிலக்சிக்கும் சாதகக் குறிப்புப் பொருந்தி இரண்டு மாதம். பிள்ளைகளும் ஹ்விடோவ்ரேயில் நாலைந்து தரம் சந்தித்து, பிடித்திருக்கு என்று இரண்டு பக்கமும் சொல்லியாயிற்று. ஜூனில் வருகிற பின்ச, அதுதான் பெந்தகொஸ்தே, விடுமுறைக்கு இங்கே வந்து நாள் குறிக்கப் போகிறார்களாம். வைக்கும் முன் மெல்ல ஒரு கேள்வி. "கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். உங்கட பக்கத்தில பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ?"

எனக்குச் சாடையாகக் கோபம்தான். ஆனாலும் பெருமையாகச் சொன்னேன்: "இவருக்குத் தடிமன்கூட வாறேல்லை அக்கா."

இவர் குசினியில் கேட்டுக்கொண்டு நின்றவர், அறைக்குப் போய்விட்டார்.

மே 9, வெள்ளி

நாளைக்குப் புறப்படுகிறோம். ஐந்து நாள் லீவு எடுத்துக்கொண்டு, இருபத்தெட்டு வருசத்தில் முதல் முறை, நாங்கள் இரண்டு பேர் மட்டும். புட்டு மா, சம்பலுக்குச் செத்தல் மிளகாய், இரண்டு சோடி கம்பளிக் காலுறை. நிலக்சி போனில் டெனிஷில் சிரித்தாள், அம்மா தேனிலவுக்குப் போறாவாம் என்று.

காலையில் இவர் விபூதி பூசப் போனால் இப்போதெல்லாம் கதவைச் சாத்துகிறார். வரும்போது கண் சிவந்திருக்கும். விபூதி விழுந்திட்டுதாம். ஒவ்வொரு நாளுமா விழும்?

மே 10, சனி. என்டெலாவ தீவு

வெயில். மெல்லிய காற்று. பாய் விரித்த பிறகு ஒரு சத்தமும் இல்லை, தண்ணீர் படகை உரசுகிற சத்தம் மட்டும். இவர் என் கையில் சுக்கான் பிடியைத் தந்தார். தள்ளினால் மற்றப் பக்கம் திரும்பும் என்று மூன்று தரம் சொல்லித் தந்தார், நானும் மூன்று தரமும் பிழையாகத் தள்ளினேன். அவர் ஏசவில்லை.

சந்தோசமாக இருந்தேன். அதையும் எழுதி வைக்கத்தானே வேண்டும்.

மே 11, ஞாயிறு

இரவே காற்று மாறிவிட்டது. துறைமுகத்தில் கட்டியபடி ஆடிக்கொண்டு கிடக்கிறோம். பாய்க்கயிறுகள் கம்பத்தில் அடிக்கிற சத்தத்தில் கதைக்க முடியவில்லை. இவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார், மேசைக்கு வெளியே. படகு ஆடினது என்றார். ஆடினது உண்மைதான்.

மே 12, திங்கள்

காலையில் வானம் வெளித்தது. டூனோ தீவுக்குப் போகலாம் என்று ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டோம். பத்தரைக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பிறகு ஆலங்கட்டி. மே மாதத்தில்! மிளகு போல முகத்தில் அடித்தது. இவர் பாயைச் சுருக்கிப் படகைத் திருப்பிய விதத்தைப் பார்க்க வேண்டும், கை தன்பாட்டில் வேலை செய்தது. நான் பயப்படவில்லை. இவரோடு கடலில் எனக்குப் பயமே வந்ததில்லை.

பயம் வந்தது டூனோ துறைமுக வாசலில்.

ஆலங்கட்டி ஓய்ந்து, எல்லாம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. இடப்பக்கத்தில் ஒரு கயாக், ஓராள் துடுப்புப் படகு, அதில் சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு வயதான மனுசி. எனக்கு வடிவாகத் தெரிந்தது. இவருக்கும் தெரியும் என்றுதான் இருந்தேன். படகு நேரே அவவை நோக்கிப் போகிறது. "இஞ்சாருங்கோ" என்றேன். இவர் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "இஞ்சாருங்கோ, ஆள்!" — "எங்கை?" அதே எங்கை. நான் பாய்ந்து சுக்கான் பிடியை என் பக்கம் இழுத்தேன். சரியான பக்கம்தான் இழுத்திருக்கிறேன், கடவுள் புண்ணியம். கயாக்கின் துடுப்பு எங்கள் படகில் உரசிக்கொண்டு போனது. அந்த மனுசியின் முகம் வெள்ளைக் கடதாசி. பார்க்கவில்லையா என்று மட்டும் கேட்டா, சத்தம் போடாமல்.

"வெயில் கண்ணுக்கை அடிச்சது" என்று இவர் டெனிஷில் சொன்னார்.

வெயிலே இல்லை. நான் பக்கத்தில்தானே நின்றேன். வெயில் எங்கே இருந்தது?

மே 13, செவ்வாய்

கால் விறைத்தது. என் காலுறை எல்லாம் ஈரம். இவர் குளிக்கக் கரைக்குப் போயிருந்தார், இவருடைய பையில் ஒரு சோடி எடுக்கக் கை விட்டேன். விபூதிப் பை தட்டுப்பட்டது. அதற்குள் விபூதியோடு ஒரு சின்ன வெள்ளைப் போத்தல்.

எனக்கு அந்தப் போத்தலைத் தெரியாதா? வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் காலையும் பின்னேரமும் மூன்று பேருக்கு நான்தான் அதைக் கண்ணில் விடுகிறேன். தலையை நிமிர்த்தி, கீழ் இமையை இழுத்து, ஒரு துளி, பிறகு மூக்கோரத்தை ஒரு நிமிசம் அமத்திப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போகிற வருத்தத்துக்கு அது. போனது திரும்பி வராது.

ஊரான் வீட்டுக் கிழவர்களின் கண்ணைப் பிடித்துக்கொண்டு நிக்கிறன். என்ர மனுசன் கதவைச் சாத்திப்போட்டுத் தன்ரபாட்டில விட்டிருக்கிறார், பாதி கன்னத்தில போயிருக்கும்.

வந்தார். போத்தலை மேசையில் வைத்திருந்தேன். கண்டார். இருந்தார்.

"எவ்வளவு காலம்?"

"ஒண்டரை வருசம்."

"இடது கண்ணோ?"

"இடது கன பங்கு போயிட்டுது. வலது பரவாயில்லை." பிறகு, "கண் டொக்டரிட்ட இருந்து ரெண்டு தரம் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நான் போகேல்லை. போனா லைசன்சைப் பறிச்சுப் போடுவாங்கள். கிரின்ஸ்டெட்டில கார் இல்லாமல் என்னெண்டு சீவிக்கிறது? உமக்கும் ஓடத் தெரியாது."

எனக்கு ஓடத் தெரியாதாம். நான் பழகப்போறன் எண்டு நாலு தரம் கேட்டனான். நான் இருக்கேக்க உமக்கென்னத்துக்கு எண்டவர் ஆர்?

அதைக்கூட விழுங்கியிருப்பேன். அடுத்தது சொன்னார்: "பிள்ளையின்ர விசயம் முடியட்டும் எண்டு பாத்தனான். தகப்பனுக்குக் கண் வருத்தம் எண்டா அவை பரம்பரை எண்டு யோசிப்பினம்."

"பரம்பரையோ?"

போத்தலை எடுத்து மூடியைத் திருகினார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"பிள்ளையளையும் ஒருக்காப் பாக்கச் சொன்னவர்."

ஒண்டரை வருசம். ஒண்டரை வருசமா அவள் தன்ர கண்ணோட கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாது எண்டு பெத்த பிள்ளைக்கே சொல்லாமல் —

நிறுத்துகிறேன்.

மே 13, பின்னேரம்

படகில் கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க இன்னோர் அறை இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து புட்டைத் தின்றோம்.

கமலாதேவி அக்காவிடம் பெருமையடித்தது நான். அதையும் யோசித்தேன். எனக்குத் தெரிந்திருந்தால்? தெரிந்திருந்தால் நானும் மறைத்திருப்பேனோ? இல்லை என்று எழுதப் பேனையை வைத்தேன். எழுத வரவில்லை.

மே 14, புதன்

காற்று நல்லாகத்தான் அடித்தது, ஆனால் நிமிசத்துக்கு நிமிசம் பக்கம் மாறியது. வேறு வழியில்லை, வியாழன் எனக்கு வேலை. நான் சுக்கானில். இவர் எனக்கு முன்னால், கயிற்றோடு. இரண்டு நாளாக நாங்கள் கதைத்தது இதுதான்:

"இடப்பக்கம் என்ன?"

"ஒண்டுமில்லை."

"இப்ப?"

"தூரத்தில ஒரு கப்பல், அசையேல்லை."

"இன்னும் கொஞ்சம் தள்ளும். போதும்."

கண்ணை மூடிக்கொண்டு காற்றைக் கழுத்தில் வாங்கி, இப்ப மாறப்போகுது என்பார். மாறும். இந்த மனுசனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, தன் பிள்ளைக்கு வாய் திறக்க மட்டும் தெரியாது. ஏசவும் வந்தது, அழவும் வந்தது. இரண்டு கையும் சுக்கானில் என்றபடியால் ஒன்றும் செய்யவில்லை.

யூல்ஸ்மின்டவில் கட்டியதும் இவர் கார்த் திறப்பை எடுத்தார். நான் கையை நீட்டினேன். தந்தார். காரை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பஸ் மாறி வந்தோம். நாலு மணித்தியாலம். கார் ஓவ கொண்டு வந்து விடுவார்.

மே 15, வியாழன்

நிலக்சிக்கு இவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், போன் ஸ்பீக்கரில். அவள் டெனிஷில், "அப்பா, எனக்கு ஏன் சொல்லேல்லை" என்று ஒரே ஒரு தரம். இவர் தமிழில், "பயந்திட்டன் பிள்ளை" என்றார். இவர் வாயில் அந்தச் சொல்லை நான் முதல் தரம் கேட்கிறேன்.

மே 27, செவ்வாய்

கண் டொக்டர். வலது கண்ணிலும் ஓரம் குறைந்திருக்காம். கார் ஓட்டத் தடை. தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓடுவதும் இனி இல்லை, லேபல் ஒட்டுகிற இடத்துக்கு மாற்றுவார்களாம். வரும் வழியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், வீதியில், எல்லாரும் பார்க்க.

பின்னேரம் தலையை நிமிர்த்தச் சொன்னேன். ஒரு துளி. மூக்கோரத்தை ஒரு நிமிசம் நானே அமத்திப் பிடித்தேன். இன்னும் கோபம்தான்.

ஜூன் 3, செவ்வாய்

நிலக்சிக்கும் அழுத்தம் கூட. பார்வை இன்னும் போகவில்லை, நேரத்துக்கு வந்தீர்கள் என்றார்களாம். ஒண்டரை வருசத்துக்கு முன் வந்திருந்தால் இன்னும் நேரத்துக்கு.

கமலாதேவி அக்காவுக்கு நானே எடுத்துச் சொன்னேன். "ஓம் ஓம், நல்ல காலம் கண்டுபிடிச்சது" என்றா.

ஜூன் 9, திங்கள். பின்ச

அவர்கள் வரவில்லை. குறிப்பை வேறோர் ஐயரிடம் காட்டினார்களாம். மார்ச்சில் பொருந்தின குறிப்பு ஜூனில் பொருந்தவில்லையாம்.

நிலக்சி அழுதாள். பிறகு, கலியாணத்துக்குப் பிறகு தெரிந்திருந்தால் இன்னும் மோசம் என்றாள். உண்மைதான். உண்மை என்பதால் வலி குறையவில்லை. இவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

ஐம்பத்திரண்டு வயதில் கார் லைசன்சுக்குத் தியரி பாஸ். என்னோடு வகுப்பில் இருந்த பெடியங்களுக்கு என் பிள்ளையைவிட வயது குறைவு.

ஒக்டோபர் 7, செவ்வாய்

ஓட்டப் பரீட்சை பெயில். சுற்றுவட்டத்தில் இடப்பக்கம் பார்க்காமல் போய்விட்டேன். இவர் சிரிக்கவில்லை. "அடுத்த தரம்" என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

போன கிழமை பாஸ். இன்று முதல் தரம் நான் கார் ஓடி, யூல்ஸ்மின்ட. மாரிக்குப் படகைக் கரையேற்றுகிற நாள்.

கிரேன் தூக்க, தண்ணீர் வடிய வடிய அடி தெரிந்தது. எல்லா இடமும் துப்புரவாக இருந்தது. அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் பாசியும் சின்னச் சிப்பிகளும் அப்பிக் கிடந்தன. இவர் கிட்டப் போய்க் கையால் தடவினார், கனநேரம். "இவ்வளவு பெரிசோ?" என்றார். "ஓம்" என்றேன். சுரண்டியை எடுத்து இரண்டு பேருமாகச் சுரண்டினோம். படகை வைத்திருப்பதா விற்பதா என்று ஓவ கேட்டார். சித்திரைக்குப் பார்ப்பம் என்றார் இவர்.

திரும்பி வரும்போது மழை. இந்த நாட்டுக் காரில் ஓடுகிறவர் இடப்பக்கம்தானே. இவர் என் வலப்பக்கத்தில் இருந்தார், அதாவது நான் இவருக்குத் தெரியாத பக்கத்தில். ஒன்றரை மணித்தியாலம் அவர் என்னைக் காணவில்லை, முன்னால் பார்த்தபடி கதைத்துக்கொண்டே வந்தார். முதல் சுற்றுவட்டம் வந்தது.

"இடப்பக்கம் பாத்தனீரே?"

"பாத்தனான்."

கிரின்ஸ்டெட் வரைக்கும் ஒன்று விடாமல் கேட்டார். ஒவ்வொரு தரமும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.