பெயர் போடாத சீட்டு

ஐயா,

வீட்டு வரி ரசீதைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது அந்தக் கச்சேரி அட்டை கையில் வந்தது. ராமநவமி உற்சவத்தின் நிகழ்ச்சி நிரல். ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் ஆங்கிலம். நடுவில் உங்கள் பெயர், பக்கத்தில் புல்லாங்குழல் என்று. கீழ் வலது மூலை மட்டும் இல்லை, இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்திருக்கிறது. கிழித்தவன் நான்தான். அதற்குமேல் ரசீதைத் தேடவில்லை.

நான் உங்களுக்குச் சீடன் இல்லை, சொந்தம் இல்லை. ஆறாம் வரிசையின் ஓரத்து நாற்காலி, அவ்வளவுதான். கச்சேரி பாதியில் குழலைத் துண்டில் துடைத்து மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சபையிலிருந்து வந்த சீட்டுகளைப் பிரிப்பீர்கள். இன்ன ராகம் வாசியுங்கள், இன்ன கீர்த்தனை வேண்டும் என்று கேட்கும் சீட்டுகள். யாரும் பெயர் போடுவதில்லை, அது வழக்கம். நீங்கள் எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவீர்கள். "சஹானா கேக்கறாரு நம்ம இஞ்சினியர். எழுத்தைப் பாருங்க, வீடு கட்ட பிளான் போட்ட மாதிரி இருக்கு" என்பீர்கள். மொத்தப் பந்தலும் என் பக்கம் திரும்பிச் சிரிக்கும். டிசைன் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனை ஊரில் நாலு பேர் திரும்பிப் பார்த்தது அங்கே மட்டும்தான்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறில் ஊர் எரிந்து அடங்கிய பிறகு நீங்கள் வாசித்த முதல் கச்சேரிக்கு அல்சூரிலிருந்து பஸ்ஸில், தமிழ் வெளியே வந்துவிடக்கூடாதென்று வாயைத் திறக்காமல் வந்தேன். கூட்டம் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அன்று பயந்துபோய்ச் சீட்டைக் கன்னடத்தில் எழுதினேன். நீங்கள் பிரித்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். மேடையில் ஒன்றும் சொல்லவில்லை. கச்சேரி முடிந்து வெளியே செருப்புத் தேடும்போதுதான் பக்கத்தில் வந்து, "எந்த பாஷையில எழுதினாலும் உங்க கோடு உங்க கோடுதான், இஞ்சினியரே" என்றீர்கள். மேடையில் ஏன் சொல்லவில்லை என்பது வீடு வந்து சேரும்போது புரிந்தது.

அதற்கப்புறம்தான் உங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்து காபி குடித்துக்கொண்டே எல்லாரையும் திட்டுவேன். வீட்டுப் பாகத்தில் ஏமாற்றிய அண்ணன், என் வரைபடத்தில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்ட மேலதிகாரி, எல்லாருக்கும் மேலே அந்த மொட்டைக் கடிதம். நான் காண்டிராக்டர்களிடம் கை நீட்டுகிறேன் என்று தலைமை அலுவலகத்துக்கு எவனோ எழுதிப் போட்டான். இரண்டு வருஷம் விசாரித்தார்கள். குற்றம் இல்லை என்றார்கள். அதற்குள் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவனுக்குப் போய்விட்டது. "தைரியம் இருந்தா பேர் போட்டு எழுதணும், ஐயா. பேர் போடாதவன் மனுஷனே இல்ல" என்று ஒரு ஞாயிறு விடாமல் சொல்வேன். நீங்கள் மூங்கிலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்பீர்கள். ஒருமுறைதான் பதில் சொன்னீர்கள்: "மறந்துருங்கன்னு சொல்ல மாட்டேன். காபி ஆறுது, குடிங்க."

பிறகு உங்கள் பல்லை எடுத்தார்கள். பல்செட்டு பொருந்தவில்லை. குழல்காரனுக்கு உதடு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதற்குப் பின்னால் இருக்கும் பல் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் வாசிக்காமல் இருந்துவிட்டு அந்த ராமநவமிக்கு மேடை ஏறினீர்கள். பானகம் குடித்துவிட்டு வழக்கம்போல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் உருப்படியிலேயே தெரிந்துவிட்டது. ஸ்வரம் வருவதற்கு முன்னால் காற்று வந்தது. மேல் ஷட்ஜத்தில் வெறும் காற்று மட்டுமே வந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர். "என்னய்யா, குக்கர் வெச்சிருக்காரா?" என்றான் ஒருவன். "வெயிட் போட மறந்துட்டாரு" என்றான் மற்றவன்.

திரும்பி அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அட்டையின் மூலையைக் கிழித்தேன். "ஐயா, இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களைக் கேட்ட காதால் இதைக் கேட்க முடியவில்லை" என்று எழுதி நாலாக மடித்து முன் வரிசைக்கு நீட்டினேன். ஐந்து கை மாறி மேடைக்குப் போயிற்று. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அது நம் ரசிகர்களின் நாகரிகம்.

அன்பினால் எழுதினேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களை யாரும் கேலி செய்யக்கூடாது என்றுதான் எழுதினேனாம். அது பாதிதான் உண்மை. உலகத்தில் எனக்குக் கெடாமல் மிச்சமிருந்த ஒன்றையும் நீங்கள் கெடுக்கிறீர்கள் என்ற கோபம்தான் மீதிப் பாதி.

நீங்கள் கண்ணாடியை மாட்டினீர்கள். படித்தீர்கள். வழக்கமான கேலி வரும் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். நீங்கள் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆறாம் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, சஹானாவை எடுத்தீர்கள். அன்று அதை யாரும் கேட்டிருக்கவில்லை. கீழ் ஸ்தாயியிலேயே பத்து நிமிஷம் வாசித்தீர்கள். மேலே போகவில்லை. உடனே மங்களம். அதற்குப் பிறகு நீங்கள் மேடை ஏறவேயில்லை.

நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தினேன். ஒரு வருஷம் கழித்து மல்லேஸ்வரம் மார்க்கெட்டில், வாழைக்காய்க்காரியிடம் கன்னடத்தில் பேரம் பேசிக்கொண்டு நின்றிருந்தீர்கள். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், விடவில்லை.

"என்ன இஞ்சினியரே, ஆளையே காணோம்?"

"வேலைங்க ஐயா."

"சரிதான்." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டீர்கள். "நீங்க எழுதினது சரி. எனக்கே தெரியும், யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. ஆனா ஒண்ணு, பேர் போட்டிருக்கலாம்."

"எதுங்க ஐயா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, விடுங்க. வாழைக்காய் நல்லாயிருக்கு, வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தீர்கள். நான் வாழைக்காய் வாங்கினேன். அழுகும்வரை சமையலறையில் கிடந்தது.

நாலு மாதத்துக்கு முன் உங்களுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் முப்பது பேர் கூடினோம், எல்லாம் பழைய முகங்கள். பேச்சு முடிந்து காபி குடிக்கும்போது, மூன்றாம் வரிசையில் உட்காரும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஆரம்பித்தார்.

"பல்லுனால நிறுத்தலய்யா அவரு. எவனோ ஒருத்தன் மொட்டைச் சீட்டு குடுத்தானாம். அதோட குழலைப் பெட்டியில வெச்சவர்தான்."

"யாராம்?" என்றார் இன்னொருவர்.

"நானும் கேட்டேன். தெரியும், சொல்ல மாட்டேன்னுட்டாரு. 'அவருக்கு ஏற்கெனவே ஊர்ல நிறைய சண்டை, என்னால இன்னொண்ணு எதுக்கு'ன்னாரு."

எல்லாரும் அந்த முகம் தெரியாதவனைத் திட்டினார்கள். நான் சும்மாவாவது இருந்திருக்கலாம். "பேர் போடாதவன் மனுஷனே இல்ல, சார்" என்றேன். பழகிய வாக்கியம், தானாக வந்துவிட்டது. மேனேஜர் என் தோளைத் தட்டி, "கரெக்டா சொன்னீங்க" என்றார். ஆட்டோவில் தனியாகத் திரும்பினேன். வீட்டில் சொல்வதற்கு ஆளில்லை. மனைவி காலமாகிவிட்டாள். மகன் வைட்ஃபீல்டில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வந்து வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

என்னைப் பற்றிப் போன மொட்டைக் கடிதத்தை எழுதியவன் யார் என்று பதினைந்து வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் வித்தை எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தது. ஆளைத் தெரிந்துகொண்டபின் அவனைக் காட்டிக்கொடுக்காமலும் இருந்தீர்கள். அது எனக்குச் சாகும்வரை வராது என்று நினைக்கிறேன். அண்ணனை இன்னும் மன்னிக்கவில்லை. அந்த மேலதிகாரி செத்தபோது போகவில்லை.

என்னிடம் உங்கள் கேஸட்டுகள் பதினொன்று இருக்கின்றன. எல்லாம் நல்ல காலத்தில் பதிந்தவை, ஒரு பிசிறு கிடையாது. நேற்று ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்வரத்துக்கு முன்னால் வரும் அந்தக் காற்றைத் தேடினேன். ஒன்றிலும் இல்லை.

மூலை போன அட்டையின் ஓரத்து வெள்ளையில் இடம் இருக்கிறது. இன்று காலை அதில் மார்க்கெட்டில் சொல்லியிருக்க வேண்டியதை எழுதினேன், அதே பிளான் எழுத்தில். இந்த மடலோடு சேர்த்து அதை வைக்கிறேன்:

அந்தச் சீட்டை எழுதியது நான், ஐயா.

சு. தட்சிணாமூர்த்தி
ஆறாம் வரிசை, ஓரத்து நாற்காலி